கொய்மலரும் நாட்டு மரக்கன்றும்: ஒரே குடும்பம் இரண்டையும் நடத்துவது எப்படி?

2025-இன் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்துக்குத் தடை போட்டது. குஜராத் 2023-லேயே போட்டுவிட்டது. அதற்கும் முன்பே, 2022 செப்டம்பரில், மாநிலத்தின் பசுமைப் பரப்பைப் பத்து ஆண்டுகளில் 33 சதவீதமாக உயர்த்தும் நோக்கத்தோடு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியிருந்தது. இந்தச் செய்திகளுக்குப் பிறகு 'நாட்டு மரக்கன்று எங்கே கிடைக்கும்?' என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். இன்னொரு பக்கம் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஓசூர் ரோஜா விலை செய்தியாகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் சிறு நிலக்காரர்களுக்கு ஒரு யோசனை வருகிறது: கிணறு இருக்கிறது, இரண்டு ஏக்கர் இருக்கிறது, வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். ஒரு பக்கம் கன்று, ஒரு பக்கம் பூ என்று போட்டால் என்ன?

போடலாம். ஆனால் வெளியிலிருந்து பார்க்க ஒரே தொழில் போலத் தெரியும் இவை, முதலீட்டிலும் காலத்திலும் மருந்து அடிப்பதிலும் நேர் எதிரானவை. வேலை குவியும் மாதங்கள் பெரும்பாலும் வேறுவேறு என்பதால், அதில் மட்டும்தான் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. அந்த ஒத்துப்போகும் இடம் எது, மோதும் இடம் எது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலில் மூன்று சொற்கள்

1. உதிரிப்பூ: காம்பு இல்லாமல், எடைக்கு விற்பது. மல்லிகை, முல்லை, கனகாம்பரம், செவ்வந்தி எல்லாம் இதில் சேரும். கட்டுவதும் தொடுப்பதும் வாங்கியவர் வேலை.

2. கொய்மலர்: நீண்ட காம்போடு வெட்டி, எண்ணிக்கைக்கு விற்பது. ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் போன்றவை. ரோஜா என்றால் பெரும்பாலும் 20 பூ ஒரு கட்டு. காம்பின் நீளத்துக்கும் விலை உண்டு.

3. நாட்டுச் செடி: ஒரு வட்டாரத்தில் யாரும் கொண்டுவந்து வைக்காமல் தானாகவே தோன்றி, அந்த மண்ணோடும் மழையோடும் பூச்சி பறவைகளோடும் பழகிய செடி.

மூன்றாவது சொல்லில்தான் சிக்கல் அதிகம். அதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எது நாட்டுச் செடி?

நமக்குப் பழக்கமான மரமெல்லாம் நாட்டு மரம் இல்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. சாலையோரத் தூங்குமூஞ்சி தென் அமெரிக்கப் பக்கத்து மரம். புளிக்கே தாயகம் ஆப்பிரிக்கா என்பதுதான் தாவரவியலாளர்கள் சொல்வது. அது நம்மிடம் வந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டதால் யாரும் அதைப் பகையாக நினைப்பதில்லை, நினைக்கவும் வேண்டாம். வந்த மரங்கள் எல்லாம் கெடுதல் செய்வதில்லை. பரவி மற்றதை அழிப்பவைதான் தொல்லை.

அப்படிப் பரவியவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் நர்சரித் தொழிலுக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை மூடியிருக்கும் உண்ணிச்செடி தோட்ட அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. ஆகாயத்தாமரையும் பூவுக்காக வந்ததுதான். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் இப்போது வெட்டி எடுத்துக் காகித ஆலைக்கு அனுப்பப்படும் மஞ்சக்கொன்னை, அழகுக்கும் நிழலுக்கும் வைத்த மரம். கோனோகார்பஸும் 'சீக்கிரம் வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும்' என்ற விளம்பரத்தோடு நகரத்துச் சாலைகளுக்கு வந்து சேர்ந்தது. சுலபமாக வளர்வதும், எதுவும் கடிக்காமல் இருப்பதும் நர்சரிக்காரருக்குப் பிடித்த குணங்கள். ஒரு செடி காட்டில் தொல்லையாக மாறுவதும் பெரும்பாலும் அதே குணங்களால்தான். நாட்டுச் செடி நர்சரி தொடங்குகிறவர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, 'தமிழ்நாட்டு மரம்' என்று ஒரே பட்டியல் போட முடியாது. சோழமண்டலக் கடற்கரையோரம் ஒரு காலத்தில் இருந்தது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. வீரை, உலக்கைப்பாலை, காசான், கருங்காலி, காட்டு எலுமிச்சை என்று அதற்கென ஒரு கூட்டம் உண்டு. இன்று அந்தக் காட்டின் மிச்சம் பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு தெரிந்த உதாரணம். 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில், அரித்துப்போன செம்மண் மேட்டில் மரம் வைத்தவர்கள் பின்னாளில் இந்தக் காட்டு இனங்களைத் தேடி விதை எடுத்து வளர்த்தார்கள். அந்தக் கன்றை உதகையில் வைத்தால் அங்கே அது அயல் செடிதான். மலையின் சோலைமரத்தைத் திண்டிவனத்தில் வைத்தால் பிழைக்கவே பிழைக்காது.

ஆகவே நர்சரியில் ஒவ்வொரு கன்றுக்கும் பெயர் எழுதினால் மட்டும் போதாது. விதை எந்த ஊரில், என்ன மாதிரி மண்ணில் நின்ற மரத்திலிருந்து வந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். சாலையோரத்து ஒற்றை மரத்தில் கிடைத்த விதையை மட்டும் வைத்துப் பத்தாயிரம் கன்று போட்டால், பத்தாயிரமும் ஒரு தாயின் பிள்ளைகள். நோய் வந்தால் மொத்தமும் ஒன்றாக விழும். பல மரங்களில், முடிந்தால் பல ஊர்களில் எடுத்துக் கலந்து போடுவது இதனால்தான்.

கொய்மலரின் கணக்கு

கொய்மலரில் விதை தேடும் வேலை இல்லை, செடியே விலைக்கு வருகிறது. ஜெர்பராவுக்குத் திசு வளர்ப்புக் கன்று, ஏக்கருக்கு ஏறத்தாழ 24,000 செடி. மேலே பசுமைக்குடில், கீழே உயர்த்திய பாத்தி, சொட்டுநீர், நீரில் கரையும் உரம். குடிலுக்குத் தோட்டக்கலைத் திட்டத்தில் 50 சதவீதம் மானியம் உண்டு. ஆனாலும் மீதியை வங்கிக் கடனாக வாங்காமல் கட்டுபவர்கள் குறைவு. நட்ட மூன்றாம் மாதம் பூக்கத் தொடங்கும். இரண்டரை, மூன்று ஆண்டில் செடியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டும். ரோஜா அதைவிட நீண்ட காலம் நிற்கும்.

இந்த ரகங்கள் பலவும் அவற்றை உருவாக்கியவர்களின் உரிமையில் இருப்பவை. வாங்கிய செடியிலிருந்து பெருக்கி விற்கும் உரிமை நமக்குக் கிடையாது. எனவே கொய்மலர்த் தோட்டம் வைத்திருப்பவர் அதே செடிகளை நர்சரியிலும் விற்கலாம் என்று நினைத்தால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

அடுத்தது நாள் கணக்கு. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். இரவுக் குளிர் ரோஜாவுக்கு ஏற்றது. கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட, நாளிலிருந்து பூ வெட்டுவதற்கு ஏறக்குறைய 45 முதல் 55 நாள். காதலர் தினமான பிப்ரவரி 14-க்கு ஏற்றுமதி ஜனவரி கடைசி வாரத்திலேயே தொடங்கிவிடும். பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் முதல் மூன்று வாரங்களுக்குள் கவாத்தை முடித்தாக வேண்டும். அந்த மாதம் பனி அதிகமானால் மொட்டு தாமதமாகும், வெயில் ஏறினால் முந்திவிடும். 14-ஆம் தேதிக்கு நான்கு நாள் கழித்து விரியும் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த விலை கிடைக்காது.

வெட்டிய பிறகும் நேரம்தான் விலை:

1. ரோஜாவை மொட்டு இறுக்கமாக இருக்கும்போதே, வெளி இதழ் ஒன்றிரண்டு மட்டும் விலகத் தொடங்கும் நிலையில் வெட்டுவார்கள். ஜெர்பராவைக் கத்தியால் வெட்டுவதில்லை. காம்பைப் பக்கவாட்டில் சாய்த்து இழுத்து எடுத்து, பிறகு அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நறுக்கி எறிவார்கள். அடிப்பகுதி நீரை நன்றாக உறிஞ்சாது என்பதுதான் காரணம்.

2. வெட்டிய உடனே சுத்தமான வாளித் தண்ணீரில் காம்பு நிற்க வேண்டும். அழுக்கு வாளியில் வளரும் பாக்டீரியா காம்பின் குழாயை அடைத்துவிடும். மேலே பூ வாடும், கீழே தண்ணீர் அப்படியே இருக்கும்.

3. ரோஜாவை 2 முதல் 4 டிகிரி வரையான குளிர் அறையில் வைக்க வேண்டும். அதே அறையில் வாழைத்தாரோ மாம்பழமோ வைக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவை முதுமையாக்கும். கார்னேஷன் இதற்கு மிகவும் பயப்படும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் 2020 மார்ச் மாதிரி ஒன்று வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஊரடங்கில் திருமணமும் விமானமும் நின்றன. பறிக்காமல் விட்டால் செடி கெட்டுவிடும் என்பதால், பூவைப் பறித்துக் குப்பையில் கொட்டினார்கள். அதற்கும் கூலி கொடுத்தார்கள். கன்று வளர்த்தவர்களுக்கும் அப்போது விற்பனை இல்லை, ஆனால் கன்று பையிலேயே உயிரோடு நின்றது.

கன்றின் கணக்கு

நாட்டு மரக்கன்றில் விதைக்குப் பெரிய செலவு இல்லை. பருவம் பார்த்துப் போய் எடுக்கும் அறிவுக்கும், வளரும்வரை காத்திருக்கும் காலத்துக்கும்தான் விலை. எல்லா விதையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

1. காத்திருக்காத விதைகள். வேம்பு, இலுப்பை, நாவல் போன்றவற்றின் விதையை உலர்த்திப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாது. பழம் விழுந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் பாத்தியில் போட்டாக வேண்டும். நாவலுக்கு அதுவும் நீண்ட காலம். 'ஐப்பசியில் மழை வரட்டும், அப்போது விதைக்கலாம்' என்று வைத்தால் பாதிகூட முளைக்காது.

2. கெட்டித் தோல் விதைகள். சரக்கொன்றை, வாகை போன்றவை பல மாதங்கள் தாங்கும். ஆனால் அப்படியே போட்டால் முளைப்பது அபூர்வம். கொதித்து இறக்கிய நீரில் இரவு முழுக்க ஊற வைப்பது பழைய முறை. கருவேலத்துக்கு இன்னும் பழைய முறை ஒன்று உண்டு. நெற்றை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, பட்டியில் அது துப்பியதையும் கழித்ததையும் பொறுக்கி விதைப்பார்கள். ஆட்டின் வயிறு தோலை இளக்கிவிடும்.

3. துணை கேட்கும் செடி. சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பொருத்திச் சத்து எடுக்கும். அதனால் பையிலேயே துவரை அல்லது பொன்னாங்கண்ணியைக் கூட வைப்பார்கள். இது தெரியாமல் அந்தத் துவரையைக் களை என்று பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

4. விதையே வேண்டாத மரங்கள். ஆல், அரசு, பூவரசு போன்றவற்றைப் போத்து (கிளைத் துண்டு) வெட்டி நட்டே எடுக்கலாம்.

முளைத்த பிறகு ஆபத்து பைக்குள்ளே இருக்கிறது. சிறிய பையில் ஒன்றரை ஆண்டு நின்ற கன்றின் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். நடும்போது மேலே பச்சையாக, நல்ல உயரமாக இருக்கும். ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு பெருங்காற்றில் சாயும். அதற்குள் வாங்கியவருக்கு நர்சரியின் பெயரே மறந்திருக்கும். நேர்மையான நர்சரிக்காரர் காலத்துக்குப் பையை மாற்றுவார், பழைய கன்றின் சுருண்ட வேரை வெட்டி மறுபடி வளர்ப்பார், முடியாததை விற்காமல் ஒதுக்குவார். இந்தச் செலவு வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் கன்று விலையில் அது சேர்ந்திருக்க வேண்டும்.

வீரை, உலக்கைப்பாலை போன்ற மெதுவான மரங்களில் மூன்று ஆண்டு ஆகியும் இடுப்பு உயரம் தாண்டாதவை உண்டு. ஒரு கன்றுக்கு நாளைக்கு அரை லிட்டர் என்று வைத்தால், பத்தாயிரம் கன்றுக்கு ஐயாயிரம் லிட்டர். மழை இல்லாத நாள் ஒவ்வொன்றிலும்.

இலவசக் கன்றோடு எப்படிப் போட்டி போடுவது?

அரசு நர்சரிகளும் பெரிய அமைப்புகளும் கன்றை இலவசமாகவோ சில ரூபாய்க்கோ கொடுக்கின்றன. தேக்கு, மகாகனி, வேங்கை, புங்கன், வேம்பு போன்றவற்றில் ஒரு குடும்பம் அந்த விலைக்கு இறங்கவே முடியாது, இறங்க முயலவும் கூடாது. குடும்ப நர்சரிக்கு இடம் இருப்பது வேறு எங்கோ: எண்ணிக்கை குறைவாகவும் வகை அதிகமாகவும் வைப்பதில், ஆறடி எட்டடி உயரம் வளர்த்துக் கொடுப்பதில், மரம் மட்டுமல்லாமல் புதர், கொடி, நீர்க்கரைச் செடி வைத்திருப்பதில், எதை எங்கே நட வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருப்பதில். புதிதாக வீடு கட்டுபவருக்குக் கோனோகார்பஸுக்குப் பதில் காசானும் காட்டு எலுமிச்சையும் வேலியாக வளரும் என்று காட்ட ஒரு மாதிரிப் பாத்தி இருந்தால் அது ஆயிரம் விளம்பரத்துக்குச் சமம்.

ஒரே செடியில் ஊன்றி நின்று பிழைக்கும் வழியும் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக் குடும்பங்கள் மணற்பாங்கான நிலத்தில் மல்லிகைக் குச்சியை வேர்விடச் செய்து விற்கின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்களுக்கும் நாற்று அங்கிருந்துதான் பெருமளவு போகிறது. அவர்கள் பெயர் மல்லியின் பெயரோடு எங்கும் வருவதில்லை என்பது வருத்தமான விஷயம்.

ஆடியும் மார்கழியும்

சரி, இரண்டு தொழிலும் எங்கே ஒத்துப்போகின்றன? தமிழ் மாதக் கணக்கில்.

கொய்மலருக்குப் பெரிய வாடிக்கை திருமண மேடை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. கோயில் திருவிழாவால் உதிரிப்பூவுக்குத் தேவை இருந்தாலும் ஜெர்பராவும் கார்னேஷனும் தேங்கும். அதே ஆடியில் தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளில் நடவு தொடங்குகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது கன்று வாங்குபவருக்கும் பொருந்தும். கிழக்கு மாவட்டங்களில் புரட்டாசி முதல் கார்த்திகை வரை, வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, கன்று போகும். மார்கழி ரோஜாவின் கவாத்து நேரத்தோடு சேர்ந்துவிடுகிறது. தையில் பூவுக்கு விலை ஏறும்போது கன்று விற்பனை இறங்கியிருக்கும்.

ஆனால் வைகாசி, ஆனி கடினமான மாதங்கள். முகூர்த்தங்கள் நெருக்கமாக வரும், விடியற்காலையில் பூ வெட்ட ஆள் வேண்டும். அதே வாரங்களில்தான் நாவலும் வேம்பும் இலுப்பையும் பழுத்து விழுகின்றன. அவை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்காது. குடும்பத்தில் ஒருவரையாவது அந்த நாட்களில் பூப் பக்கம் இழுக்காமல் விதைக்கென்று விட வேண்டும். இதை முன்பே பேசி முடிவு செய்யாத வீட்டில், பூ அன்றைய பணம் என்பதால் விதைதான் தோற்கும். அடுத்த ஆண்டு நர்சரி காலியாக நிற்கும்போதுதான் அது தெரியும்.

மருந்து: உண்மையான மோதல் இங்கே

பசுமைக்குடில் ரோஜாவில் இலைப்பேன், சிலந்திப்பேன், சாம்பல் நோய் எல்லாம் வரும். ஒரு இதழில் கறை இருந்தால் கட்டு முழுவதும் தள்ளுபடி. எனவே மருந்து அடிக்காமல் கொய்மலர் வளர்ப்பவர்கள் மிகக் குறைவு.

நாட்டுச் செடிக்கு இது தலைகீழ். ஆடுதீண்டாப்பாளையையோ ஈஸ்வரமூலியையோ வாங்குபவர் அதில் வண்ணத்துப்பூச்சி முட்டை இட வேண்டும் என்றுதான் வாங்குகிறார். இலையில் ஓட்டை விழுவதுதான் அந்தச் செடியின் பயன். இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்து செடியின் சாற்றிலேயே தங்கும். அதை ஊற்றிய செடியை வாங்கிப்போய் நட்டால் வரும் புழுக்கள் தின்று சாகும். வாங்கியவருக்குக் காரணம் தெரியாது. குறைந்தபட்சம் இவை வேண்டும்:

1. நர்சரிக்குத் தனித் தெளிப்பான், தனித் தொட்டி. கழுவினால் போதும் என்று ஒன்றையே பயன்படுத்தக் கூடாது.

2. காற்று பெரும்பாலும் வரும் திசையில் நர்சரி, போகும் திசையில் குடில். நடுவில் உயிர்வேலி.

3. இலை தின்ற கன்றை மறைக்காமல் முன்னால் வைத்து, ஏன் அப்படி இருக்கிறது என்று எழுதி வைப்பது.

வரியும் சட்டமும்

உயிர்ச் செடிக்கும் புதிய பூவுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. நர்சரியில் வளர்த்த நாற்று, கன்று விற்ற வருமானத்தை வேளாண் வருமானமாகக் கருத வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்தது. வளர்த்தது என்பது முக்கியம். வேறு இடத்தில் வாங்கி விற்றால் அது வியாபாரம். தோட்டம் அமைத்துக் கொடுக்கும் கூலியும் வேறு கணக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகம் வைப்பது பின்னால் வரும் தலைவலியைக் குறைக்கும். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் விதையோ செடியோ எடுப்பது குற்றம். கோயில் காடு, ஏரிக்கரை, தனியார் தோப்பு என்றாலும் கேட்டுவிட்டு எடுப்பதே முறை.

இரண்டும் ஒன்றாகும் செடிகள்

நாட்டுச் செடியே கொய்மலராகவும் இருக்க முடியுமா? தாமரை ஏற்கெனவே அப்படித்தான், காம்போடு எண்ணி விற்கிறோம். மருக்கொழுந்து தென்னிந்தியச் செடி, கட்டாகப் போகிறது. ஆனால் பெரிதும் யோசிக்க வைப்பது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம், வேதாரண்யம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில், மருந்துக்கான விதைக்காகப் பயிராகிறது. காலையில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். இதே செடியை நெதர்லாந்திலும் ஜப்பானின் கோச்சி மாகாணத்திலும் கொய்மலராக வளர்த்து, நல்ல விலைக்கு விற்கிறார்கள். இங்கே விதை விலை விழுந்த ஆண்டுகளில் விவசாயிகள் தவித்திருக்கிறார்கள், பூவாக விற்கும் சந்தை மட்டும் உருவாகவில்லை.

சிறு அளவில் தொடங்க விரும்பும் குடும்பம் நான்கு பந்தல் வரிசை போட்டு, பாதியைப் பூவுக்கும் பாதியை நடவுக்கான கிழங்குக்கும் விடலாம். கிழங்கை ஆனி, ஆடியில் நட வேண்டும். முளைக்கும் நுனி உடைந்தால் அந்தக் கிழங்கு அநேகமாக வீண் என்பதால் கையாளும்போது கவனம் தேவை. இன்னொரு கவனமும் வேண்டும்: செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு. சமையலறைக்குப் பக்கத்தில் கிழங்கை உலர்த்தக் கூடாது. பூவை விற்கும்போதும் குழந்தைகளும் ஆடு மாடுகளும் வாய் வைக்காத இடத்தில் வைக்கச் சொல்லி, கட்டோடு ஒரு சீட்டு இணைக்க வேண்டும்.